டெல்லியில் ஒரே நாள்தானா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் சாந்தினி சௌக் மெட்ரோவில் நம் ஊர்க் குடும்பம் ஒன்று வழி கேட்டது. செங்கோட்டை பார்த்தாயிற்றாம். அடுத்து குதுப்மினார், சாயங்காலம் திரும்பிவந்து ஜும்மா மசூதியாம். மசூதி இங்கிருந்து நடக்கிற தூரம்தான், முதலில் அதைப் பாருங்கள் என்று படியேற்றி அனுப்பினேன். தண்ணீர், தொப்பி பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

வடக்கும் தெற்குமாக அலைவது

அப்பா அம்மாவோடு முதல்முறை வந்தபோது, விடுதியில் தந்த பட்டியலை அப்படியே பிடித்துக்கொண்டேன். காலையில் குதுப்மினார், பிறகு செங்கோட்டை, மறுபடி தெற்கே தாமரைக் கோயில். பாதி நாள் காருக்குள் போயிற்று. அம்மா தூங்கியே விட்டார். அப்பா ஆசைப்பட்டுக் கேட்டது ஹுமாயூன் கல்லறை ஒன்றைத்தான். அங்கே சேர்ந்தபோது இருட்டிவிட்டது, நுழைவும் முடிந்திருந்தது. "பரவாயில்லப்பா" என்றார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பட்டியல் புகழ் வரிசையில் இருந்தது, வழி வரிசையில் இல்லை. டெல்லியை ஆண்டவர்கள் ஆளுக்கொரு இடத்தில் தலைநகர் கட்டினார்கள். சுல்தான்கள் காலத்துக் குதுப்மினார் தெற்கே மெஹ்ரோலியில். ஷாஜகானின் செங்கோட்டை வடக்கே. ஆங்கிலேயர் 1931-இல் திறந்த புது டெல்லி நடுவில். குதுப்மினாருக்கும் செங்கோட்டைக்கும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் அது எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால், மனதுக்கு மிகவும் வேண்டிய இடம் எதுவோ அதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மற்றவற்றை வழியை ஒட்டி அடுக்குங்கள். உதாரணமாக, செங்கோட்டையும் ஜும்மா மசூதியும் முடித்து, சாந்தினி சௌக்கில் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் குதுப்மினார் நிலையம். அங்கிருந்து கோபுரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்கள் இருந்தால் ஆட்டோ பிடியுங்கள். இந்தியா கேட் இரவு விளக்கில்தான் அழகு, கடைசிக்கு வையுங்கள்.

திங்கட்கிழமை போவது

செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் கோயில், தேசிய அருங்காட்சியகம்: நான்கும் விடுமுறை.

அக்ஷர்தாமை இடையில் செருகுவது

போன், கேமரா, பை எதுவும் உள்ளே விட மாட்டார்கள். ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க இன்னொரு வரிசை. அரை மணியில் எட்டிப் பார்க்கிற இடமில்லை.

வெள்ளி மதியம் ஜும்மா மசூதி

தொழுகை நேரம். சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

ஸ்டேஷன் பெயரைப் பாதி படிப்பது

நியூ டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன் மூன்றும் வெவ்வேறு நிலையங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நியூ டெல்லியில் கிளம்பும், சென்னை ராஜதானி நிஜாமுதீனில். இரவு வண்டி என்றால், கடைசியாகப் பார்க்கும் இடத்தை அந்த நிலையத்தின் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.