வன்னியில் நடக்க எந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பது?

இலங்கையின் வடக்கே இருக்கும் எங்கள் வன்னிக்கென்றே எழுதிய நடைவழி நூல் எதுவும் எங்கள் நூலக அலுமாரியில் இல்லை. ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் "அக்கா, இங்க நடந்து திரிய ஒரு புத்தகம் தாங்கோ" என்று கேட்டால், நாலு சாமானை எடுத்து மேசையில் வைப்பேன். முழு இலங்கைக்குமான சுற்றுலா வழிகாட்டி ஒன்று, நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாள், பறவைகள் பற்றிய நூல், எங்கள் பக்கத்துப் பிரதேச மலர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. எதை எதற்கு நம்பலாம் என்று தெரியாமல் வாங்கினால் காசும் வீண், நடையும் வீண். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். வளர்ந்தது முத்தையன்கட்டுப் பக்கம். லீவு நாட்களில் தங்கச்சியோடு குளக்கட்டிலும் கடற்கரையிலும் நடக்கிறவள். கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆண்டு. அட்டைப் படத்தைப் பிறகு பார்க்கலாம், உள்ளே பதிப்பு விபரம் இருக்கும் பக்கத்தைத் திருப்புங்கள். 'மறுபதிப்பு' என்று போட்டிருந்தால் பழைய எழுத்தைத்தான் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். 'திருத்திய பதிப்பு' என்றிருந்தால்தான் யாரோ திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வேறு ஊர்களுக்கு இது சின்ன விசயம். இங்கே அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. 2006இல் கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் சனங்கள் திரும்பிவந்து காணி துப்பரவாக்கி வீடு கட்டினார்கள். எனவே நூல் எந்த வன்னியைச் சொல்கிறது என்று முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில சுருக்கு வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்குப் 'பாதை' என்ற மிதவையில் ஏறிக் கடக்கச் சொன்னால், அது 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும் முன் எழுதியது. கிளிநொச்சிக்கு ரயில் இல்லை என்றால் 2013க்கு முந்தியது, தலைமன்னாருக்கு இல்லை என்றால் 2015க்கு முந்தியது. சுண்டிக்குளத்தைச் 'சரணாலயம்' என்று மட்டும் சொன்னால், 2015இல் அது தேசிய பூங்காவானது அந்த நூலுக்குத் தெரியாது. இந்தக் கடைசிப் பிழையால் உங்களுக்குச் சிக்கல் வரலாம். தேசிய பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

ஆண்டு சரி என்றால், அடுத்து காலம். பெரிய சுற்றுலா வழிகாட்டிகள் கிழக்குக் கரை முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து 'மே முதல் செப்டெம்பர் வரை உகந்த காலம்' என்று எழுதிவிடும். திருகோணமலையில் கடலில் குளிக்கிறவருக்கு அது சரி. முல்லைத்தீவில் நடக்கிறவருக்குச் சரியே இல்லை. அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காய்ந்த புழுதியை முகத்தில் அடிக்கும். சின்னக் குளங்கள் வெடித்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் குளக்கட்டில் நின்றால் தலைக்கு நிழல் கிடையாது. நான் கேட்பவர்களுக்குச் சொல்வது மாசியும் பங்குனியும். மாரி மழை ஓய்ந்து, காலபோக (மாரி நெல்) வெட்டு முடிந்து வயல் வெறுமையாக இருக்கும், வரம்பில் நடந்தாலும் யாருடைய பயிரையும் மிதிக்கமாட்டீர்கள். குளத்தில் தண்ணீர் நிற்கும். வடக்கிலிருந்து வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிருக்காது. நல்ல நூல் என்றால் ஒவ்வொரு நடைக்கும் மாதத்தைத் தனியாகச் சொல்லும். தீவு முழுவதற்கும் ஒரே அட்டவணையைப் போட்டுவிட்டு நகரும் நூலை பஸ் நேரமும் தங்கும் இடமும் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையை மாற்ற முடியாத பிள்ளைகள் ஆடியில் வந்தாலும் நடக்கலாம், ஆனால் காலை ஆறுக்கு வெளிக்கிட்டு ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும்.

கரையோர நடைக்கு நூல் தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் எழுதிய கடற்கரை நடை நூல்கள் வற்றுப்பெருக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எச்சரிக்கும். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஏற்றத்தில் அகப்படுவோம் என்று இங்கே யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது, களப்பு (கடலோர உவர்நீர் ஏரி) கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு. நாயாற்றிலும் நந்திக்கடலிலும் கோடையில் மணல் திட்டு களப்பின் வாயை அடைத்துக்கொள்ளும். செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களப்பு நிரம்பி அதே மணல் உடைந்து, தண்ணீர் கடலுக்குப் பாயத் தொடங்கும். அப்போது இடுப்பளவு என்று நினைத்து இறங்கினால் கீழே மணல் அரிந்துகொண்டே போகும், கால் நிற்காது. ஆகவே முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு என்று கரையோடு தெற்கே போகும் ஒரு நடையை நூல் விபரித்தால், மாதம் சொல்லியிருக்கிறதா, வாய் திறந்திருந்தால் எந்த இடத்தில் வீதிக்கு ஏறுவது என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அதை எழுதியவர் வாகனத்தில் போய் இரண்டு இடத்தில் இறங்கிப் படம் எடுத்தவர்தான்.

நடந்தவரைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு அடையாளம் கரைவலை. விடிய வலை இழுக்கும் நேரத்தில் கரைக்கும் கடலுக்கும் நடுவே கம்பாக் கயிறு விறைத்து நிற்கும், பத்துப் பதினைந்து பேர் பின்பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கயிற்றை ஒருபோதும் தாண்டக் கூடாது, இழுபட்டால் காலை வாரிவிடும். மீனவர் குடிசையான வாடிப் பக்கமாகச் சுற்றிப் போகலாம், அல்லது வலையின் மீன் சேரும் மடி கரைக்கு வரும்வரை நின்று பார்க்கலாம். இதை ஒரு வரியில் என்றாலும் சொன்ன நூல் என்றால் அந்த ஆள் விடியற்காலையில் மணலில் நின்றிருக்கிறார். அவருடைய மற்ற வரிகளையும் நான் நம்புவேன். இதேபோல, கரையில் சில இடங்கள் இராணுவ முகாம்களால் அடைபட்டிருக்கும், அது காலத்துக்குக் காலம் மாறும். எந்த அச்சுப் புத்தகமும் அதைச் சரியாகச் சொல்லாது. அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திலோ கிராம அலுவலரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள்.

குளக்கட்டு நடைக்கு வருவோம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் இவை எல்லாவற்றிலும் கட்டில் நடப்பது அழகு. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் தாழ்வில் வயல். நூலில் மூன்று விசயம் தேடுங்கள்: துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) எங்கே, வான் (மிஞ்சிய நீர் வழியும் இடம்) எங்கே, அலைகரைப் பக்கம் (கட்டில்லாத பக்கத்து நீரோரம்) போகலாமா. வான் பாயும் காலத்தில் கட்டின் நடுவில் நடை நின்றுவிடும், வந்த வழியே திரும்ப வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான் கதவுகளைத் திறந்தபோது கீழே ஊர்களுக்குள்ளேயே வெள்ளம் போனது. அலைகரை யானையின் இடம். வெயில் சாய யானை தண்ணீருக்கு இறங்கும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு அங்கே நிற்கச் சொல்லும் நூலை, சூரிய அஸ்தமனப் படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும், மூடி வையுங்கள்.

காட்டோர நடைகளில் மரத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். ஊர்ச் சனமும் பழம் பொறுக்கப் போகும், கரடியும் வரும். கரடி மரத்தில் ஏறி நின்று தின்னும், கீழே நடக்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது. 'யானை, கரடி, சிறுத்தை ஆகியன காணப்படும்' என்று பட்டியல் போட்டால் நடக்கிறவருக்கு அதில் ஒரு உதவியும் இல்லை. எந்த மாதம், எந்த மரத்தடியில், எந்த நேரம் என்று சொல்ல வேண்டும்.

மிதிவெடி பற்றி ஒரு நூல் ஒன்றும் சொல்லாவிட்டால் அதை வன்னிக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டாம். இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. வெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கும் இடங்கள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் சனமும் மாடும் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகக் கூடாது. 'விரும்பிய பக்கம் பற்றைக்குள் இறங்கிப் பாருங்கள்' என்ற மாதிரி எழுதும் புத்தகம் வேறு நாட்டுக்கு எழுதியது.

வரைபடம் கட்டாயம் வாங்குங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள்கள் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல், புதியவை 1:50,000, அதாவது இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர். நடக்கப் புதியதை எடுங்கள். வன்னி தட்டையான நிலம், மலை பார்த்துத் திசை பிடிக்க முடியாது. குளம், வாய்க்கால், சந்தி இவற்றை வைத்துத்தான் நடக்க வேண்டும், அந்தத் தாளில் சின்னச் சின்னக் குளமும் நீலத்தில் இருக்கும். பழைய தாளை முதியவர்களோடு கதைக்க வைத்திருங்கள். வீடுகள் இருந்த புள்ளிகளைக் காட்டிக் கேட்டால் அவர்கள் சொல்லும் கதை எந்த நூலிலும் கிடையாது. தொலைபேசி வரைபடம் நல்லதுதான், ஆனால் நெடுங்கேணி தாண்டி உள்ளே போகப் போக சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள்.

ஆங்கில நூல் என்றால் பின்னால் இருக்கும் பெயர் அகரவரிசையையும் ஒருக்கால் பாருங்கள். கட்டுக்கரைக்குளத்தை 'ஜயன்ற்ஸ் ராங்க்' என்று மட்டும் போட்டு, அரிப்பில் இருக்கும் அல்லிராணிக் கோட்டையை 'டொறிக்' என்று மட்டும் போட்டால், பஸ் நடத்துனரிடம் நீங்கள் எந்தப் பெயரைச் சொல்லி இறங்குவீர்கள்? இரண்டு பெயரும் இருந்தால் வாங்கலாம்.

பறவை நூலில் ஒளிப்படத்தை விட வரைந்த படம் மேல். ஒளிப்படம் அந்த ஒரு பறவையை அந்த ஒரு வெளிச்சத்தில்தான் காட்டும். வரைந்த படம் ஆண், பெண், குஞ்சு, பறக்கும்போது செட்டையின் கீழ்ப்பக்கம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். களப்பில் தூரத்தில் நிற்கும் உள்ளான் பறவையை அப்படித்தான் பிரித்தறிய முடியும். கொக்கிளாய்க்கோ வங்காலைக்கோ போகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். வங்காலை 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமானது, மன்னார்த் தீவுக்குப் போகும் கோஸ்வே வீதி ஓரம் பூநாரைக் கூட்டம் நின்றால் புத்தகமே தேவையில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் தேவை.

எனக்கு மிகவும் பிடித்தவை உள்ளூர் மலர்கள். பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகள் வெளியிடுபவை, கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு எந்த ஊர் எந்த வழியால் வரும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கு எந்தக் குளத்து நெல் போகும் என்பதெல்லாம் இவற்றில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவுக் கரையால் இறங்கிப் போவார்கள். அப்படிப் போய்வந்த ஒருவர் மலரில் எழுதிய கட்டுரை கிடைத்தால் விடாதீர்கள். எங்கே நல்ல தண்ணீர்க் கிணறு, எந்தக் கோயில் மடத்தில் படுக்கலாம் என்று கால் நொந்தவர்தான் எழுதுவார். இவற்றில் பல கடையில் கிடைக்காது. 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், 2005 தொடங்கி ஈழத்து வெளியீடுகளை அங்கே ஏற்றி வருகிறார்கள். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கைநூலையும் ஆர்வமுள்ளவர்கள் வீட்டில் வைத்துப் படிக்கலாம். ஊர்களையும் குளங்களையும் பற்றி அறிய நல்லது, வழி கேட்க அல்ல.

கடைசியாகப் புத்தகத்தின் கட்டு. எங்கள் வெக்கையில் பசை வைத்து ஒட்டிய புத்தகம் ஒரு கோடைக்கே பக்கம் பக்கமாகக் கழன்று விழும். கடையில் நடுப்பக்கத்தைத் திறந்து முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் மடிந்து கொத்துக் கொத்தாக, நடுவில் தையல் நூல் தெரிந்தால் தைத்த கட்டு. வெட்டின தாள்கள் நேராகப் பசையில் நின்றால் ஒட்டின கட்டு. மெல்லத் திறக்கும்போதே 'சடக்' என்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பளபளப்புத் தாளும் வேண்டாம், கடற்கரை வெயிலில் கண் கூசி ஒரு எழுத்தும் தெரியாது.

எல்லாம் வாங்க வசதியில்லாதவர்கள் 1:50,000 தாளையும் பறவை நூலையும் வாங்குங்கள். சுற்றுலா வழிகாட்டியில் வடக்குக்கு ஒதுக்குவது கொஞ்சப் பக்கம்தான், அவற்றை வீட்டிலேயே படம் எடுத்து வந்தால் போதும். மலர்களை அந்தந்த ஊர் நூலகத்தில் இருந்து வாசிக்கலாம். வெளியே கொடுக்கமாட்டோம், ஆனால் வேண்டிய பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுக்கலாம். சனிக்கிழமை வந்தால் ஆறுதலாக இருந்து தேடலாம், பாடசாலை நாட்களில் பின்னேரம் பிள்ளைகளின் கூட்டம்.