சிபேப், வென்ட்டிலேட்டர்ல இருக்கற பாப்பாவுக்கு வலிக்குதான்னு எப்படிப் பாக்கறது, நாம என்ன செய்யலாம்

என்ஐசியுவுக்குள்ள, அதாவது பச்சைக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ள வர்ற அப்பா அம்மா முதல்ல கேக்கறது "சிஸ்டர், பாப்பா அழுதுச்சா"ங்கறதுதான். அழலன்னு சொன்னா ஒரு நிம்மதி அவங்களுக்கு. ஆனா வென்ட்டிலேட்டர்ல (மூச்சு விட வைக்கற மெஷின்) இருக்கற குழந்தைக்கு மூச்சு டியூப் குரல்நாணுக்கு நடுவுலதான் போகுது, அது இருக்கற வரைக்கும் சத்தம் வர வழியே இல்ல, பிள்ளை வாயத் தொறந்து முகமெல்லாம் செவந்து அழுதாக்கூட ஊமைப்படம் மாதிரிதான் இருக்கும். சிபேப்ல (மூக்கு வழியா காத்தை பிரஷரோட கொடுக்கற மெஷின்) இருக்கற குழந்தைக்கு சத்தம் வரும், ஆனா 28, 30 வாரத்துல பொறந்ததுன்னா அழறதுக்கே தெம்பு இருக்காது, கொஞ்சம் சிணுங்கிட்டு தொவண்டு போயிடும். அதனால காதை நம்பாதீங்க, கண்ணால பாருங்க.

முதல்ல முகம். புருவத்துக்கு நடுவுல நெத்தி புடைச்சுக்கும், கண்ணு இறுக்கி மூடும், மூக்கு ஓரத்துலேந்து வாய் ஓரம் வரைக்கும் ஒரு கோடு ஆழமா விழும். மூணும் சேர்ந்து வந்தா வலின்னு எடுத்துக்கலாம், நாங்க ஸ்கோர் போடறதும் பெரும்பாலும் இதை வச்சுத்தான், கூடவே மானிட்டர்ல துடிப்பு எவ்ளோ ஏறுச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு) எவ்ளோ எறங்குச்சுன்னு சேர்த்துப்போம். பிப்னு ஒரு ஸ்கோர், 1996லேந்து இருக்கு, அதுல ரொம்ப குறைமாசப் பிள்ளைக்கு மார்க்கே கூட்டித்தான் போடுவாங்க, ஏன்னா வலியை வெளிய காட்டற சக்தி அதுக்குக் கம்மி, வலி கம்மி இல்ல.

சிபேப் குல்லாவும் பிளாஸ்திரியும் முகத்தை மறைச்சிருந்தா கையப் பாருங்க. விரலை அகல விரிச்சு "வேணாம்"ங்கற மாதிரி தூக்கும், உடம்பை வில்லா வளைக்கும், தோல் திட்டுத்திட்டா நிறம் மாறும். விக்கல், கொட்டாவி, தும்மல், முகத்தைத் திருப்பிக்கறது, இதெல்லாம்கூட குறைமாசப் பிள்ளைக்கு "போதும், விடுங்க"தான், நாம "ஐயோ கொட்டாவி விடுது பாரேன்"னு கொஞ்சிட்டு இருப்போம். கையை வாய்கிட்ட கொண்டு போகுது, காலை எதுலயாவது முட்டுக் கொடுக்குது, உங்க விரலப் பிடிக்குதுன்னா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்குதுன்னு அர்த்தம், அப்ப தொந்தரவு பண்ணாதீங்க.

ஒரு விஷயம், இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. மூச்சுக்கு மூச்சு முனகல் வந்தா, நெஞ்சுக்குழி உள்ள இழுத்தா, திடீர்னு தொளதொளன்னு ஆயிட்டா, நீலம் பாய்ஞ்சா வலியா இல்லையான்னு யோசிச்சிட்டு நிக்கக்கூடாது, உடனே கூப்பிடுங்க. டியூப் நகர்ந்திருக்கலாம், சளி அடைச்சிருக்கலாம், இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம். மெஷின்ல எந்த பட்டனையும் நீங்க தொடவேண்டாம், அலாரத்தை அமுக்கறது உட்பட.

சரி, வலியக் குறைக்கறதுல என்ன பெரிய லாபம், பிள்ளை பொழைச்சா போதாதான்னு பாட்டிங்க கேப்பாங்க. சிபேப் மூக்கு வழியா பிரஷர் கொடுத்து நுரையீரல் சுருங்கிடாம பிடிச்சு வைக்குது, பிள்ளை வாயத் தொறந்து அழுதா அந்த பிரஷர் வாய் வழியா வெளிய போயிடுது, சாச்சுரேஷன் எறங்கும், நாங்க ஆக்ஸிஜனைக் கூட்டுவோம், அப்புறம் பிள்ளை அடங்கினதும் சாச்சுரேஷன் ஏறிப்போயி திரும்ப குறைப்போம். ஆக்ஸிஜன் கொடுக்கறப்ப சாச்சுரேஷனை 90லேந்து 95%க்குள்ள வைக்கப் பாக்கறோம், அதுக்கு மேல போனா கண்ணு விழித்திரைக்குக் கெடுதல். ஆக, பாப்பாவை அமைதியா வைக்கறதும் மூச்சுக்கான வைத்தியம்தான்.

பச்சைப் புள்ளைக்கு வலி தெரியாதுன்னு டாக்டருங்களே நம்பின காலம் ரொம்ப தூரத்துல இல்ல, 1980கள்ல குறைமாசக் குழந்தைக்கு சரியான வலிமருந்து இல்லாமலே ஆபரேஷன் பண்ணிருக்காங்க. இந்தூர்ல மருத்துவம் படிச்சு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன டாக்டர் கன்வல்ஜித் ஆனந்தும் கூட இருந்தவங்களும் 1987ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க, இதய ஆபரேஷன்ல ஃபென்டனில்ங்கற வலிமருந்தையும் சேர்த்துக் கொடுத்த குறைமாசப் பிள்ளைங்களுக்கு உடம்பு அதிர்ச்சி குறைஞ்சது, பின்னாடி சிக்கலும் குறைஞ்சதுன்னு.

இப்ப உங்க கை. வளையல், மோதிரம், வாட்ச் கழட்டி முழங்கை வரைக்கும் கழுவிட்டு, நல்லா காய விட்டு கையைச் சூடு பண்ணிக்கோங்க. தடவாதீங்க, தட்டிக் கொடுக்காதீங்க, அது நெறைமாசக் குழந்தைக்கு சரி, இதுக்குக் கூசும். ஒரு உள்ளங்கையைத் தலையில குவிச்சு வைங்க, இன்னொரு கையால காலை மடக்கி வயித்துப் பக்கமா அணைச்சுப் பிடிங்க, கர்ப்பப்பையில இருந்த வாக்குல. கை அசையக்கூடாது. எடுக்கறப்ப ஒவ்வொரு கையா மெதுவா எடுங்க. ஊசி போடறப்ப, குதிகால்ல குத்தி ரத்தம் எடுக்கறப்ப, சளி உறிஞ்சறப்ப இப்படிப் பிடிச்சிக்க ஒரு ஆள் இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும், அப்பாவும் செய்யலாம், அப்பாங்க கை பெருசு, ஒத்தக் கையிலயே முக்கால்வாசிப் பிள்ளை அடங்கிடும். "குத்தறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க சிஸ்டர், நான் பிடிச்சிக்கறேன்"னு கேளுங்க, தப்பே இல்ல, சில இடத்துல வெளிய நிக்கச் சொல்வாங்க, அப்பவும் பொறுமையா ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நாக்குல சுக்ரோஸ் சொட்டு விடறதும் உண்டு, பெரும்பாலும் 24% கரைசல், சில சொட்டுதான், குத்தறதுக்கு 2 நிமிஷம் முன்னாடி. உடனே நம்ம வீட்டுப் பெரியவங்க "அதான் நாங்க அப்பவே சேனை வைக்கச் சொன்னோமே"ன்னு ஆரம்பிப்பாங்க. அம்மா தாயே, இது கிருமி இல்லாம அளந்து கொடுக்கறது, நீங்க தேனோ சக்கரைத் தண்ணியோ வாயில வச்சிடாதீங்க. சுக்ரோஸ் இல்லன்னா உங்க சொந்தப் பால் ரெண்டு சொட்டு விடலாமான்னு கேளுங்க, அதுக்கும் கொஞ்சம் பலன் உண்டு. இது குத்தற அந்த நேரத்துக்குத்தான், நாள் பூரா இருக்கற அசௌகரியத்துக்கு இல்ல.

நாள் பூரா இருக்கறது மூக்கு. சிபேப் பிராங் (மூக்குத் துவாரத்துக்குள்ள போற சின்னக் குழாய்) ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கற மூக்குத் தண்டுல அழுத்தினா முதல்ல செவக்கும், அப்புறம் வெளுக்கும் இல்லன்னா கருக்கும், அப்புறம் புண்ணு. பிராங்குக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி தெரியணும், தெரியலன்னா சொல்லுங்க, மாஸ்க்கும் பிராங்கும் மாத்தி மாத்திப் போடலாம். நீங்களா எண்ணெய், வாசலின் எதுவும் தடவாதீங்க. வயிறு காத்தால உப்பியிருந்தாலும் பிள்ளை நெளியும், வாய் வழியா வயித்துக்குப் போட்டிருக்கற டியூப்ல காத்தை எடுத்து விடுவோம்.

சத்தத்தைப் பத்தி ஒண்ணு. 45 டெசிபலுக்குக் கீழ இருக்கணும்னு சொல்றாங்க, நடக்கறது வேற. இன்குபேட்டர் மேல ஃபோனையோ ஃபைலையோ வைக்காதீங்க, கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாதீங்க, உள்ள இருக்கறவங்களுக்கு அது இடி. ஊர்ல இருக்கற அத்தைக்கு வீடியோ கால் நாளைக்குக் காட்டிக்கலாம். பேசறதுன்னா மெதுவா பேசுங்க, தொடறதுன்னா தொட மட்டும் செய்யுங்க, ரெண்டும் ஒரே நேரத்துல வேண்டாம்.

எல்லாத்துலயும் பெருசு கங்காரு, அதாவது பிள்ளையை அம்மாவோ அப்பாவோ நெஞ்சுல தோலோட தோல் படற மாதிரி வச்சுக்கறது. பிள்ளை நிலையா இருந்தா சிபேப்போடயே நெஞ்சுல போடலாம், வென்ட்டிலேட்டர்ல இருந்தாலும் சில யூனிட்ல போடறாங்க, அது டாக்டர் முடிவு. இந்தியா உட்பட 5 நாட்டுல 1 கிலோவுலேந்து 1.8 கிலோவுக்குள்ள இருந்த குழந்தைங்களைப் பொறந்த உடனேயே கங்காருல வச்சுப் பாத்தாங்க, 2021ல வந்த முடிவு, நிலையான பிறகு ஆரம்பிச்சதைவிட 28 நாளுக்குள்ள இறப்பு 25% கம்மி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமன்னு சொல்லுது. முன்பக்கம் தொறக்கற நைட்டி போட்டுட்டு வாங்க, அப்பான்னா சட்டை போதும், மல்லிப்பூ சென்ட் பவுடர் வேணாம், சாப்பிட்டு பாத்ரூம் போயிட்டு வந்து உக்காருங்க, தூக்கி வைக்கறதே பிள்ளைக்கு ஸ்ட்ரெஸ்ங்கறதால ஒரு மணி நேரமாவது எடுக்காம இருக்கணும்.

"தூங்க மருந்து போட்டுடுங்களேன்"னு கேக்கறவங்களுக்கு: வென்ட்டிலேட்டர்ல இருக்கற எல்லாப் பிள்ளைக்கும் மார்ஃபின்ங்கற வலிமருந்தை ஓட விட்டுப் பாத்த பெரிய ஆய்வு 2004ல வந்துச்சு, எதிர்பாத்த நன்மை கிடைக்கல, ரத்த அழுத்தம் குறையறதுதான் கூடுச்சு. அதனால தேவைப்பட்ட குழந்தைக்கு மட்டும்தான். ஆனா அவசரமில்லாம பிளான் பண்ணி மூச்சு டியூப் போடறப்ப வலிமருந்து கொடுப்பீங்களான்னு தாராளமா கேக்கலாம்.

ஆக்ஸிஜன்ல இருந்த குறைமாசப் பிள்ளைக்கு 30 நாளுக்குள்ள விழித்திரை டெஸ்ட் வரும், பயந்து தள்ளிப் போடாதீங்க, பார்வை சம்பந்தப்பட்டது. ஆனா வலிக்கும். மரத்துப்போற சொட்டு போட்டாங்களா, சுக்ரோஸ் உண்டா, யார் அணைச்சுப் பிடிக்கறாங்கன்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க, டெஸ்ட் முடிஞ்ச கையோட டயப்பர் மாத்தறது, ரத்தம் எடுக்கறதுன்னு வேற வேலை எதையும் சேர்க்காம கொஞ்ச நேரம் இருட்டுல தூங்க விடச் சொல்லுங்க.