ஏர் ஃபோர்க்கில் காற்றழுத்தம் வைப்பது எப்படி? மோட்டோகிராஸ் வண்டிக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். முதல் பாதி எளிதாக இறங்கும். அதற்குமேல் கை திணறும். கடைசி இரண்டு விரற்கடை தூரம் எவ்வளவு முக்கினாலும் இறங்காது. பிடியைத் தளர்த்தினால் கைப்பிடி தானாக மேலே எழும்பி வரும். மேடுபள்ளமான மண்தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் வண்டியின் ஏர் ஃபோர்க்குக்குள் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்க் கால்கள்தான் ஃபோர்க்) நடப்பது இதேதான். இரும்பு ஸ்பிரிங் செய்யும் வேலையை அங்கே அடைபட்ட காற்று செய்கிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது டபிள்யூ.பி. நிறுவனத்தின் எக்ஸ்ஆக்ட் ஏர் ஃபோர்க். கேடிஎம் எஸ்.எக்ஸ்-எஃப், ஹஸ்க்வர்னா எஃப்.சி. ஆகிய மோட்டோகிராஸ் வண்டிகளில் வருவது. இதன் இடது காலில் காற்று மட்டும் தாங்குகிறது. வலது காலில் எண்ணெயும் டேம்பிங்கும் இருக்கின்றன. ஒரு கால் சுமக்கிறது, மறுகால் துள்ளலை அடக்குகிறது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

உங்களிடம் ஹிமாலயனோ எக்ஸ்பல்ஸோ கேடிஎம் 390 அட்வென்ச்சரோ இருந்தால், அவற்றின் முன் ஃபோர்க்கில் இருப்பது ஸ்பிரிங்தான். அதில் காற்று அடைக்க வேண்டியதில்லை. வால்வைத் தேடவும் வேண்டாம்.

காற்று எதற்கு என்ற கேள்வி வரும். வண்டியின் எடை குறைவது முதல் காரணம். இரண்டாவது, ஸ்பிரிங் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஒன்று, 95 கிலோ ஆளுக்கு இன்னொன்று என்று ஃபோர்க்கைப் பிரித்து மாற்ற வேண்டும். காற்று என்றால் ஒரு பம்பும் ஐந்து நிமிடமும் போதும். யோசனையும் பழையதுதான். 1976-இல் கென்ட் ஹவர்ட்டன் அமெரிக்காவின் 500 சிசி மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றபோது அவருடைய ஹஸ்க்வர்னாவில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் காற்று ஷாக்குகள் (பின்பக்க அதிர்வுதாங்கிகள்) இருந்தன. 2013-இல் ஹோண்டா சி.ஆர்.எஃப்.450ஆர், கவாஸாகி கே.எக்ஸ்.450எஃப் இரண்டும் கே.ஒய்.பி. நிறுவனத்தின் ஏர் ஃபோர்க்குடன் வந்தன. பிறகு ஹோண்டா 2017 மாடலிலும் கவாஸாகி 2019 மாடலிலும் ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டன. அந்தக் காலத்து ஃபோர்க்குகள் சிலவற்றில் மூன்று அறைகளுக்குத் தனித்தனியாகக் காற்று வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சலிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எக்ஸ்ஆக்டில் ஒரே ஒரு வால்வுதான். புதியவர்கள் பழக இதுவே ஏற்றது.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஃபோர்க்குக்கான கைப்பம்பு, வண்டியை நடுவில் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு, சுத்தமான துணி, ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை (ஜிப் டை), அளவுநாடா, குறிப்பேடு, வண்டியின் கையேடு.

பம்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். எக்ஸ்ஆக்டின் அழுத்தம் 10 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஒட்டியிருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் அந்தக் காற்று அடைந்திருக்கும் இடம் மிகச் சிறியது. பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர் இரண்டு வகையிலும் பொருந்தாது: அழுத்தம் போதாது, வருகிற காற்றோ மிக அதிகம். உயர் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் ஃபோர்க் பம்புதான் வேண்டும்.

படி 1: பின்பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

முன் ஃபோர்க்கைப் பற்றிப் பேசும்போது பின்பக்கம் எதற்கு என்று தோன்றலாம். பின்பக்கம் அதிகமாக அமிழ்ந்திருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க் கடினமாக இருப்பதாக நினைத்துக் காற்றை இறக்கிவிடுவீர்கள். பின்சக்கரம் தரையில் படாதபோது அச்சிலிருந்து பின் மட்கார்டில் ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட்டுடன் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அதே இரு புள்ளிகளுக்கிடையே அளக்கச் சொல்லுங்கள். எஸ்.எக்ஸ்-எஃப் வண்டிகளில் இந்த வித்தியாசம் 105 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின் ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை (அதை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை) மாற்றுங்கள்.

படி 2: குளிர்ந்த ஃபோர்க், அந்தரத்தில் முன்சக்கரம்

இந்த ஒரு படிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

ஏர் ஃபோர்க் பழகிய முதல் மாதத்தில், நண்பகல் வெயிலில் முன்பக்கம் கல்லாக இடித்தது. நிறுத்தி அளந்தேன். காலையில் 10.6 பார் வைத்திருந்தேன், முள் 11.4-ஐக் காட்டியது. அதிகமாக அடைத்துவிட்டேன் என்று நினைத்து 10.6-க்கு இறக்கினேன். அன்று மாலைவரை வண்டி அருமையாக ஓடியது. மறுநாள் காலை முதல் தாவலில் இறங்கியபோது ஃபோர்க் அடிவரை போய் இடித்தது. இரண்டு மணிக்கட்டிலும் அந்த அடி ஏறியது.

அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். கணக்கு எளிது. மானியில் 10.6 பார் என்றால், வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து உள்ளே 11.6. வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏறினால் அது 12.4 ஆகும்; மானி 11.4 காட்டும். அந்தச் சூட்டில் 10.6-க்கு இறக்கினால், மறுநாள் காலைக் குளிர்ச்சியில் 9.9-க்கும் கீழே போய்விடும். நான் செய்தது அதைத்தான். எந்த நிலையில் அளந்தோம் என்பது தெரியாத எண்ணை நம்பவே கூடாது.

எனவே வண்டியை ஓட்டுவதற்கு முன், நிழலில், ஃபோர்க் குளிர்ந்திருக்கும்போது அளவெடுங்கள். ஓட்டிய பிறகுதான் முடியும் என்றால் எஞ்சினை நிறுத்திக் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். வெயில் நாளில் நான் அரைமணி நேரம் காத்திருப்பேன்.

முன்சக்கரம் தரையில் பட்டிருந்தால் வண்டியின் எடையில் ஃபோர்க் சுருங்கி, முள் பொய் சொல்லும். ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் சுழலும்படி விடுங்கள். ஓட ஓட ஃபோர்க் குழாய்க்குள் சேர்ந்திருக்கும் மிகைக்காற்றை, மேல்முனையில் உள்ள சிறு வெளியேற்றுத் திருகைத் திறந்து விட்டுவிட்டு மூடுங்கள். 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வரும். கையேட்டில் அந்தத் திருகின் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். அழுத்தம் இருக்கும்போது வேறு எதையும் கழற்றக் கூடாது.

படி 3: காற்றை வையுங்கள்

இடது காலின் வால்வைச் சுற்றித் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள். ஒரு மணல்துகள் உள்ளே போனாலும் வால்வு கசியத் தொடங்கிவிடும். பம்பின் குழாயைக் கையாலேயே திருகுங்கள்.

இப்போது முள் நேற்று வைத்த அளவைவிடக் குறைவாகக் காட்டும். கசிவு என்று பயப்பட வேண்டாம். காலியாக இருந்த பம்புக் குழாயை நிரப்ப ஃபோர்க்கிலிருந்து கொஞ்சம் காற்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதனால்தான் சும்மா பார்த்துவிட்டுக் கழற்றக் கூடாது. பார்த்தால் கூடவே அளவையும் சரியாக வைத்துவிட வேண்டும். பம்பைக் கழற்றும்போது வரும் சீற்றம் குழாயில் இருந்த காற்று; ஃபோர்க்கிலிருந்து எதுவும் போகவில்லை.

தொடக்க அளவு கையேட்டில் உங்கள் எடைக்கு நேரே இருக்கும். கேடிஎம்-இன் நிலையான அமைப்பு 75 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்கானது. நண்பர் வைத்திருக்கும் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

படி 4: பட்டையைக் கட்டி ஓட்டிப் பாருங்கள்

பளபளக்கும் உட்குழாயைச் சுற்றிக் கட்டுப்பட்டையைத் தளர்வாகக் கட்டி, மேலே சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வரை தள்ளிவிடுங்கள். ஃபோர்க் அமிழும்போது வெளிக்குழாய் அந்தப் பட்டையைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். ஃபோர்க் எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

உங்களுக்குப் பழகிய தடத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பட்டை அடிவரை போய், இடித்த உணர்வும் பலமுறை வந்தால் காற்று போதாது. பிரேக் பிடித்ததும் மூக்குக் குத்துவது, வளைவில் முன்சக்கரம் வெடுக்கென்று உள்ளே திரும்புவது ஆகியவையும் அதே குறைதான். பெரிய தாவலுக்குப் பிறகும் பட்டை பாதியில் நிற்கிறது, சின்னக் கல்லெல்லாம் கைக்குத் தெரிகிறது, வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்குகிறது என்றால் காற்று அதிகம். நாளின் மிகப் பெரிய தாவலில் மட்டும் அடியை மெல்லத் தொட்டு வந்தால் சரியான அளவு.

படி 5: ஒருமுறைக்கு 0.2 பார்

மாற்றம் 0.2 பாருக்கு மேல் வேண்டாம். கேட்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் கைப்பிடியில் நன்றாக உணரலாம். காற்றை மாற்றும்போது டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகான கிளிக்கரைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். காற்று அமைந்த பிறகு, வலது காலில் உள்ள கம்ப்ரஷன் (ஃபோர்க் அமிழும்போது), ரீபவுண்டு (திரும்ப எழும்போது) கிளிக்கர்களுக்கு வாருங்கள். முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறோம் என்று எண்ணுவதே முறை.

இடைவேளையில் முன்பக்கம் கடினமானதாகத் தோன்றினால் சூடு ஏறியிருக்கும். நாள் முழுதும் வெயில் என்று தெரிந்தால் காலையிலேயே 0.2 குறைத்து வைப்பேன், நடுவில் தொடமாட்டேன்.

பராமரிப்பு

ஏர் ஃபோர்க்கில் சீல்தான் உயிர். அது போய்விட்டால் இடது காலில் தாங்க வேறு எதுவும் இல்லை. முன்பக்கம் அப்படியே அமர்ந்துவிடும். காட்டுப்பாதையில் நாள்கணக்கில் தனியாகப் போகிறவர்களுக்கு ஸ்பிரிங் ஃபோர்க்கைத்தான் நான் சொல்வேன். கேடிஎம்-இன் இ.எக்ஸ்.சி. எண்டுரோ வண்டிகளிலும் அதுதான் வருகிறது.

ஓட்டி முடித்ததும் உட்குழாயில் ஒட்டிய சேறு காயுமுன் ஈரத்துணியால் துடையுங்கள். பட்டையை வெட்டி எடுத்துவிடுங்கள். வால்வு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பேட்டில் தேதி, நேரம், வெப்பநிலை, வைத்த அழுத்தம், பட்டை நின்ற இடம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஒரே சூட்டில் அளந்தும் வாரத்துக்கு வாரம் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியிருப்பதை அந்த ஏடு காட்டினால், ஃபோர்க்கைச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.