மாஸ்டடான்.பை லைப்ரரி: பாட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல சர்வர்களாக இயங்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் தானாகப் பதிவிடும் நிரலான பாட் ஒன்றைப் பைத்தானில் எழுத மாஸ்டடான்.பை லைப்ரரியே போதும். ஐந்தாறு வரி எழுதினால் முதல் பதிவு போய்விடும். அதற்குப் பிறகு பலரும் அதைச் சர்வரில் ஓடவிட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. தனிச்செய்தியாகக் கேட்டவருக்குப் பொதுவில் பதில் போவதும், ஒரே அறிவிப்பு இரண்டு முறை வருவதும், தமிழ் எழுத்து பாதியில் வெட்டுப்படுவதும் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் நடக்கும். பாதிக்கப்படுவது பாட் எழுதியவர் அல்ல, அதைப் பின்தொடர்பவர்கள். அதனால் இவற்றை ஓடவிடுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

தொடங்கும்போது

உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கே மாஸ்டடான்.பை என்று பெயர் வைத்துவிடாதீர்கள். இம்போர்ட் செய்யும்போது பைத்தான் முதலில் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். அங்கே அதே பெயரில் உங்கள் கோப்பு இருந்தால் லைப்ரரியை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும், இம்போர்ட் எரர் வரும். லைப்ரரியை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் இது போகாது. கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.

கிரியேட்_ஆப் என்ற அழைப்பு ஒரு சர்வரில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டியது. பாட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடும்படி எழுதினால், ஒவ்வொரு முறையும் சர்வரில் புதிதாக ஒரு ஆப் பதிவாகும். பதிவு செய்வதைத் தனி ஸ்கிரிப்ட்டாக வைத்து, கிடைக்கும் விவரத்தைக் கோப்பில் சேமியுங்கள். பாட் அந்தக் கோப்பை மட்டும் படிக்கட்டும். ஒரு சர்வரில் பதிவு செய்த ஆப் இன்னொரு சர்வரில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய பயிற்சிப் பாடங்களில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து லாக்_இன் செய்வதைக் காட்டியிருப்பார்கள். மாஸ்டடான் 4.4 பதிப்பிலிருந்து அந்த வழி எடுக்கப்பட்டுவிட்டது. ஆத்_ரிக்வெஸ்ட்_யுஆர்எல் தரும் முகவரியைப் பிரவுசரில் திறந்து, அனுமதி கொடுத்து, கிடைக்கும் குறியீட்டை லாக்_இன் அழைப்பில் கொடுப்பதுதான் இப்போதைய வழி. சொந்தக் கணக்குக்கு மட்டும் பாட் எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் எளிது. கணக்கின் அமைப்புகளில் டெவலப்மென்ட் பகுதிக்குப் போய் ஆப் உருவாக்கினால் டோக்கன், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாட் காட்டும் அனுமதிக் குறியீடு, அங்கேயே கிடைத்துவிடும்.

அனுமதிகளைக் குறைவாகவே கேளுங்கள். பதிவிட மட்டும் செய்யும் பாட்டுக்கு ரைட்:ஸ்டேட்டஸஸ் போதும், படமும் போடுமானால் ரைட்:மீடியா சேரும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் படிக்க, எழுத, பின்தொடர எல்லாவற்றுக்கும் சேர்த்து லைப்ரரி கேட்கும். மாஸ்டடான் டோக்கன் தானாகக் காலாவதி ஆகாது என்பதால் இது முக்கியம். நிரலின் பழைய வடிவங்களையும் சேமித்துவைக்கும் கிட் கருவியில் டோக்கன் கோப்பைத் தவறுதலாக ஏற்றிவிட்டால் கோப்பை அழிப்பது பயன் தராது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். கணக்கு அமைப்புகளில் அந்த ஆப்பின் அனுமதியை ரத்து செய்து புது டோக்கன் எடுப்பதுதான் தீர்வு.

பதில் சொல்லும் பாட்

எல்லாவற்றிலும் மோசமான தவறு இங்கேதான் நடக்கிறது. ஒருவர் பாட்டுக்கு டைரக்ட் முறையில், அதாவது குறிப்பிட்டவர் மட்டும் பார்க்கும்படி, எழுதுகிறார். உங்கள் நிரல் ஸ்டேட்டஸ்_போஸ்ட் அழைப்பில் இன்_ரிப்ளை_டு_ஐடி மட்டும் கொடுத்துப் பதில் போடுகிறது. விசிபிலிட்டி, அதாவது யாரெல்லாம் பார்க்கலாம் என்பதை, சொல்லவில்லை. அப்போது கணக்கின் இயல்பு அமைப்பு எதுவோ அதுதான் பொருந்தும். பெரும்பாலான கணக்குகளில் அது பப்ளிக். கேட்டவரின் பெயரோடு, அவர் கேட்டதற்கான பதில் எல்லார் கண்ணிலும் படும். பாட் சொல்வது பேருந்து நேரமாக இருந்தால் பரவாயில்லை. உடல்நலம் பற்றியதாகவோ, ஒருவர் இருக்கும் இடம் பற்றியதாகவோ இருந்தால்?

இதற்காகவே ஸ்டேட்டஸ்_ரிப்ளை இருக்கிறது. அதற்கு ஐடியைக் கொடுக்கக் கூடாது, மூலப்பதிவை முழுதாகக் கொடுக்க வேண்டும். மூலப்பதிவின் விசிபிலிட்டியையும் உள்ளடக்க எச்சரிக்கையையும் அதுவே பதிலுக்கும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மூலப்பதிவில் பெயர் குறிக்கப்பட்ட எல்லாரையும் பதிலில் சேர்த்துவிடும். கேட்டவருக்கு மட்டும் போனால் போதும் என்றால் அன்டேக் என்பதை ட்ரூ என்று கொடுங்கள்.

வந்த செய்தியைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. பதிவின் கன்டென்ட் புலத்தில் வருவது வெறும் எழுத்து அல்ல, எச்டிஎம்எல். ஒருவர் "மழை மதுரை" என்று எழுதினாலும் அதற்கு முன் பத்தி டேக், பாட்டின் பெயருக்கான இணைப்பு, அதற்குள் ஸ்பேன் டேக் எல்லாம் வரிசையாக இருக்கும். அதை நேரடியாக ஸ்ப்ளிட் செய்தால் முதல் சொல்லாக டேக்கின் துண்டுதான் கிடைக்கும். பியூட்டிஃபுல்சூப் போன்ற ஒன்றால் டேக்குகளை நீக்கிவிட்டு, பெயர்க்குறிப்பையும் எடுத்த பிறகே கட்டளையைத் தேடுங்கள்.

எழுதியவர் கணக்கின் பாட் புலம் ட்ரூ என்றால் பதில் சொல்லாதீர்கள். இரண்டு பாட்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கினால் யாராவது நிறுத்தும்வரை ஓயாது. உங்கள் கணக்கிலும் அந்த அடையாளத்தை இயக்கி வையுங்கள்.

தமிழில் நீளம்

மாஸ்டடான் சர்வரின் இயல்பு வரம்பு 500 எழுத்து. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றே எண்ணப்படும். வேறு சர்வரில் உள்ளவரைக் குறித்தால் சர்வர் பெயர் கணக்கில் வராது. சில சர்வர்கள் 500ஐ மாற்றி வைத்திருக்கும். எனவே எண்ணை நிரலில் எழுதிவைக்காமல், இன்ஸ்டன்ஸ் அழைப்பு தரும் விவரத்தில் மேக்ஸ்_கேரக்டர்ஸ் என்ன என்று பாருங்கள்.

தமிழுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். பைத்தானின் லென், யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. "தமிழ்" என்பதற்கு அது 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மாஸ்டடான் சர்வர் எண்ணுவது நாம் எண்ணுவது போல: த, மி, ழ் என்று 3. லென் பார்த்து 500ல் வெட்டும் பாட், சர்வரில் இடம் தாராளமாக இருக்கும்போதே செய்தியைக் குறைத்துவிடுகிறது. அதைவிடக் கேடு, வெட்டும் இடம் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் விழுவது. "தமிழ்" என்பதை முதல் நான்கோடு வெட்டினால் "தமிழ", இரண்டோடு வெட்டினால் "தம". ரெஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பில் பெரிய எக்ஸ் குறி ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும். பைத்தானோடு வரும் ஆர்இ தொகுப்பில் அது இல்லை. அப்படிப் பிடித்த எழுத்துகளைப் பட்டியலாக்கி, அந்தப் பட்டியலை எண்ணி, அந்தப் பட்டியலையே வெட்டுங்கள். முடிந்தால் சொல் இடைவெளியில் வெட்டுங்கள்.

லாங்வேஜ் புலத்தில் தமிழுக்கான டிஏ குறியீட்டையும் கொடுங்கள். விட்டுவிட்டால் கணக்கின் இயல்பு மொழி ஒட்டிக்கொள்ளும். டைம்லைனில் தமிழ் மட்டும் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கு, ஆங்கிலம் என்று குறிக்கப்பட்ட உங்கள் தமிழ்ப் பதிவு போய்ச் சேராது.

மறுமுயற்சியும் வேக வரம்பும்

பதிவு அனுப்பியதும் இணைப்பு அறுந்து நெட்வொர்க் எரர் வந்தால், பதிவு போகவில்லை என்று பொருள் அல்ல. சர்வர் அதை ஏற்றுக்கொண்டு, பதில்தான் உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் இரண்டு பதிவு. இதற்கு ஸ்டேட்டஸ்_போஸ்ட் அழைப்பில் ஐடெம்பொட்டன்சி_கீ கொடுக்கலாம். அதே கீயோடு மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதிவிடாமல் முன்பு ஏற்ற பதிவையே திருப்பித் தரும். அந்தக் கீயை மறுமுயற்சி லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பயனே இல்லை. செய்தியின் தேதி, வரிசை எண் போன்றவற்றிலிருந்து லூப்புக்கு வெளியே ஒரு முறை உருவாக்குங்கள். சர்வர் அதை ஒரு மணி நேரம் வரைதான் நினைவில் வைத்திருக்கும். அதற்கு மேல் தாமதமானால் உங்கள் கடைசிப் பதிவுகளைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வேக வரம்பு இயல்பாக ஒரு கணக்குக்கு 5 நிமிடத்துக்கு 300 கோரிக்கை. மீடியா ஏற்றவும் பதிவுகளை அழிக்கவும் தனித்தனியே 30 நிமிடத்துக்கு 30. பழைய பதிவுகளை மொத்தமாக அழிக்கும் ஸ்கிரிப்ட்கள் சிறிது நேரத்திலேயே நின்றுபோவது இதனால்தான். ரேட்லிமிட்_மெத்தட் ஒன்றும் சொல்லாவிட்டால் வெயிட். வரம்பு தீர்ந்ததும் லைப்ரரி சத்தமில்லாமல் தூங்கிவிடும். இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு அது சரி. ஆனால் ஃபிளாஸ்க் போன்ற வலைச்செயலிக்குள் வைத்தால் பயனரின் பக்கம் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். அங்கே த்ரோ என்று வைத்து, ரேட்லிமிட் எரரைப் பிடித்து, சிறிது நேரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

படம், நேரம், ஐடி

பெரிய படமோ வீடியோவோ ஏற்றினால் மீடியா_போஸ்ட் உடனே ஐடி தந்துவிடும், ஆனால் சர்வரில் செயலாக்கம் முடிந்திருக்காது. அந்த ஐடியை வைத்து அப்போதே பதிவிட்டால் 422 பிழை வரும். சின்னப் படத்தில் சோதிக்கும்போது இது தெரியாது. சிங்க்ரனஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் செயலாக்கம் முடியும்வரை லைப்ரரி காத்திருக்கும். அதே அழைப்பிலேயே டிஸ்கிரிப்ஷனும் எழுதிவிடுங்கள். கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்கிறது. மழை அளவை வரைபடமாகப் போடும் பாட், அந்த அளவுகளை அங்கே எழுத்திலும் தர வேண்டும்.

ஷெட்யூல்ட்_அட் நேரம் குறைந்தது 5 நிமிடமாவது முன்னால் இருக்க வேண்டும். டைம்ஸோன் சேர்க்காத நேரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், மாலை 6 மணிக்கு என்று நீங்கள் எழுதியது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 11.30க்கு வரும்.

பதிவின் ஐடி அந்தந்தச் சர்வருக்கே உரியது. ஒரு சர்வரில் எடுத்த ஐடியை இன்னொன்றில் கொடுத்தால் நாட் ஃபவுண்ட் வரும், அல்லது வேறு யாருடைய பதிவோ வரும். பதிவின் முழு முகவரியைத் தேடல் அழைப்பில் ரிசால்வ் ட்ரூ என்று கொடுத்து உள்ளூர் ஐடியைப் பெற வேண்டும். சேமிக்கும்போது ஐடியை எழுத்துச்சரமாகவே வையுங்கள். மாஸ்டடான் ஐடி 18 இலக்கம் வரை போகும். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கங்கள் மாறிவிடும், ஏனென்றால் அது துல்லியமாகத் தாங்குவது 9007199254740991 வரைதான். கோடூசோஷியல் போன்ற வேறு மென்பொருளில் ஓடும் சர்வர்களில் ஐடியில் எழுத்துகளும் வரும்.

விட்டுப்போகும் பதிவுகள்

ஒரு ஹேஷ்டேக்கைத் தொடரும் பாட் இரவு முழுக்க நின்றிருந்தது, இடையில் 100 பதிவு வந்துவிட்டது என்று வையுங்கள். ஓர் அழைப்பில் அதிகபட்சம் 40 கிடைக்கும். சின்ஸ்_ஐடி கொடுத்தால் வருவது மிகப் புதிய 40. அவற்றில் புதிய ஐடியைக் குறித்துக்கொண்டு மேலே போனால் நடுவில் இருந்த 60 பதிவுகள் போனது போனதுதான். மின்_ஐடி கொடுத்தால் நீங்கள் விட்ட இடத்துக்கு அடுத்த 40 வரும். வெறுமையாக வரும்வரை மறுபடி மறுபடி கேட்டால் ஒன்றும் விடுபடாது.

புதியவை வர வர சர்வரே அனுப்பும் ஸ்ட்ரீமிங் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கும் இது வேண்டும். ரன்_அசிங்க்கோடு ரீகனெக்ட்_அசிங்க்கையும் ட்ரூ ஆக்கினால் அறுந்த இணைப்பை லைப்ரரி திரும்பப் பிடிக்கும். ஆனால் அறுந்திருந்த நேரத்தில் வந்தவற்றைச் சர்வர் மறுபடி அனுப்பாது. கடைசியாகக் கையாண்ட அறிவிப்பின் ஐடியைக் கோப்பில் எழுதிவைத்து, இணைப்பு திரும்பியதும் நோட்டிஃபிகேஷன்ஸ் அழைப்பை மின்_ஐடியோடு ஓட்டி இடைவெளியை நிரப்புங்கள். ஒரே அறிவிப்பு இரு வழியிலும் வரக்கூடும் என்பதால், பதில் சொல்வதற்கு முன் அந்த ஐடி ஏற்கெனவே கையாளப்பட்டதா என்றும் பாருங்கள்.