தினசரி ஓட்ட ஒரு பழைய கார்: ரிப்பேர் செலவையும் சேர்த்துப் பார்த்து வாங்குவது எப்படி?

முதல் கார் வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், மைலேஜைக் கேட்பார்கள், நிறம் பிடித்திருக்கிறதா என்று யோசிப்பார்கள். ரிப்பேர் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பட்டறையில் எவ்வளவு அழப்போகிறோம் என்பது பெரும்பாலும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான்.

படி 1: உங்கள் ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். இப்போதைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மாற்றுவது சின்னச் செலவு இல்லை. குறுகிய ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும்.

படி 2: வண்டியைப் பார்க்கும் முன் ஸ்பேர் விலையைக் கேளுங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு. மனதில் இருக்கும் இரண்டு மூன்று மாடல்களுக்கு ஐந்து பொருள்களின் விலையை மட்டும் விசாரியுங்கள்: கிளட்ச் செட், நான்கு டயர், முன்பக்க ஷாக் அப்சார்பர், ஹெட்லைட், முன் பம்பர். ஒரே விலைக்குக் கிடைக்கும் இரண்டு பழைய கார்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது தெரியும். எல்இடி ஹெட்லைட் பழுதானால் பல மாடல்களில் பல்பு மட்டும் மாற்ற முடியாது, முழு விளக்கையும் வாங்க வேண்டும். சக்கரம் பெரிதாக ஆக டயர் விலையும் ஏறும். புதிதாக வந்தபோது விலை அதிகமாக இருந்த சொகுசு கார் இன்று மலிவாகக் கிடைக்கலாம். அதன் ஸ்பேர் விலை மலிவாகியிருக்காது.

என் கருத்தில் தினசரி வண்டி கொஞ்சம் சலிப்பூட்டுவதாகவே இருக்கட்டும். எங்கு பார்த்தாலும் ஓடுகிற மாடல், டர்போ இல்லாத எஞ்சின், சாதாரண கியர்பாக்ஸ். எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும், ஸ்பேருக்கும் அலைய வேண்டாம்.

அடுத்து, பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் ஓடவைப்பது உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் ரப்பர். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்று என்று கையேட்டில் போட்டிருக்கும். நிறைய எஞ்சின்களில் ஓடும்போது இது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்து, எஞ்சினையே திறக்க வேண்டியதாகிவிடும். விற்பவர் பெல்ட் மாற்றிய பில்லைக் காட்டவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பெல்ட் தண்ணீர் பம்பையும் சுற்றுகிற எஞ்சின் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பிரித்து மாட்டும் கூலி ஒருமுறையோடு முடியும்.

படி 3: நேரில் பார்க்கும்போது

நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறிய எஞ்சின் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும்.

ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்த பசை நிறைய இருந்தால், ஆயிலில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலக்கிறது, இரண்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். குளிர்ந்த இடத்தில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடிய வண்டியில் லேசாக இருப்பது வெறும் ஈரம்தான். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். இனி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலண்ட் எரிகிறது. பெட்ரோல் காரில் கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷனில் வேலை இருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் உறுமி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையா? யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். காரின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கைவசம் இருந்தால், கோடுகளோடு (பிழையைக் குறிக்கும் எண்கள்) அந்தக் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கோடு எதுவும் இல்லாமல், பரிசோதனைகளும் முடியாமல் இருந்தால் பழைய கோடுகளை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிடித்திருந்தால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பணத்தை ஒதுக்குங்கள்

கையில் இருப்பதை முழுவதும் வண்டிக்கே போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக வைத்துவிடச் சொல்வேன். ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் வந்த உடனே மாற்றிவிட்டால் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். அதனால்தான் பல நிறுவனங்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

அப்புறம் மாதக் கணக்கு. டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் இவையெல்லாம் எதிர்பாராத செலவு அல்ல, தேதி தெரியாத செலவு. ஒரு செட் டயர் 4 வருடம் வரும் என்றால் அதன் விலையை 48-ஆல் வகுத்து மாதாமாதம் எடுத்து வையுங்கள். மற்றதற்கும் இதே வழி. வண்டி பட்டறைக்கே போகாத மாதத்திலும் எடுத்து வைக்க வேண்டும்.

படி 5: பட்டறையில்

“பம்ப்பை மாத்துங்க” என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. “காலையில் முதல் ஐந்து நிமிடம், இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரப் பக்கம் சத்தம்” என்று அறிகுறியைச் சொல்லுங்கள். ஸ்கேனர் காட்டும் கோடும் தீர்ப்பு அல்ல. பி0420 (P0420) என்று வந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்வதாகத் தெரியவில்லை என்று பொருள். சென்சார் கெட்டிருந்தாலும், புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அதே கோடு வரலாம். விலை உயர்ந்த கன்வெர்ட்டரை மாற்றும் முன் அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பேர் தனி, கூலி தனி என்று எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள், கேட்பது தப்பில்லை.

கண்ணாடி, விளக்கு, கதவுக் கைப்பிடி போன்றவை பழைய பாகமாக இருந்தால் போதும். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எதைத் தள்ளிப்போடலாம்? ஏசி குறைவாகக் குளிர்வது காத்திருக்கும். பிரேக்கில் கீச்சென்ற சத்தம் காத்திருக்காது: இன்றைக்கு பேட் மட்டும், விட்டால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, சூடு முள் ஏறினாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் எரிபொருள் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் கன்வெர்ட்டர் வெந்துவிடும்.

படி 6: எப்போது விற்பது?

ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டினால் விற்றுவிடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே பணத்துக்குக் கிடைக்கும் இன்னொரு பழைய வண்டியும் அதன் ரிப்பேர்களோடுதானே வரும்? இதைச் சரி செய்தால் அடுத்த இரண்டு வருடத்தில் வேறென்ன வரும் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அடிச்சட்டத்தில் துரு பரவியிருந்தாலோ, கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே நேரத்தில் செலவு கேட்டாலோ கொடுத்துவிடலாம். கிளட்ச், டயர் என்று ஒவ்வொன்றாக வந்தால் மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். விற்பது என்று முடிவு செய்துவிட்டால் பெரிய ரிப்பேருக்கு முன்பே விற்றுவிடுங்கள், குறையைச் சொல்லி. புது கிளட்ச் போட்டிருக்கிறேன் என்றால் வாங்குகிறவர் தலையை ஆட்டுவார்; அதற்காக விலையைக் கூட்டித் தர மாட்டார்.