டிடிஆர்5 ரேமை முழு வேகத்தில் ஓட்டுவது எப்படி?

பெட்டியில் வேகம் 6000 (MT/s) என்று போட்டிருந்தாலும், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற, ரேமிலேயே பதிந்திருக்கும் வேக புரொஃபைலை ஆன் செய்யாதவரை ரேம் பெரும்பாலும் 4800-லேயே ஓடும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம்தான் என்றால், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டுகளில் 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

புரொஃபைலைச் சேவ் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமுக்கு ஏற்ற டைமிங்கைத் தேடிக்கொண்டிருக்கிறது; பதறிப்போய் பவரை அணைத்துவிடாதீர்கள். கால் மணி நேரமாகியும் எழவில்லையா? சிமாஸை க்ளியர் செய்து (அதாவது பயாஸ் செட்டிங்ஸை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து) வேகத்தை 5600 வைத்துப் பாருங்கள். நான்கு ரேம் போட்டால் 6000 தொடுவது கஷ்டம். இரண்டோடு நிறுத்துவதே நல்லது.

ரைசன் 7000 பிராசஸர்களில் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டைத் தாண்டவே கூடாது.

விண்டோஸ் போடும் முன்பே பென்டிரைவிலிருந்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ 4 சுற்று ஓட்டுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். குறைக்காவிட்டால் கேம் ஓடும், ஆனால் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே வரும்.