டெஸ்ட் அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையா?

எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வந்தாலும் ஒருமுறை என் வீட்டுப் பக்கம் வந்து போவார்கள். நான் டாக்டர் இல்லை, பழைய சர்க்கரைக்காரன், அவ்வளவுதான். வருகிறவர்கள் நான் ஆரம்பத்தில் அடித்த கூத்துகளையே வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். ஸ்வீட்டைக் குறை, காபியில் சர்க்கரை போடாதே என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

டெஸ்டுக்காகச் சாப்பிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. செவ்வாய்க்கிழமை லேப் என்றால் ஞாயிற்றுக்கிழமையே பிரியாணிக்கு லீவு. திங்கள் இரவு அரை வயிறு. செவ்வாய் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, லேபுக்கு எதிர் ஓட்டலில் ரெண்டே ரெண்டு இட்லி. வீட்டில் தினமும் ஐந்து இட்லி, மேலே ஒரு வடை சாப்பிடுகிற மனிதர் இவர். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 148 வருகிறது. முகமெல்லாம் சிரிப்பு: "பாத்தீங்களா சார், கன்ட்ரோல்ல இருக்கு!"

டாக்டர் அந்த 148-ஐ வைத்துத்தான் மாத்திரையை முடிவு செய்கிறார். ரெண்டு இட்லிக்காரருக்கு அந்த அளவு சரி. ஐந்து இட்லிக்காரருக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்கிறோமே, ஹெச்பிஏ1சி, அதில்தான் குட்டு உடைகிறது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையை ரெண்டு நாள் பத்தியம் அசைக்காது. 7 சதவீதம் என்றால் சராசரி 154, 8 என்றால் 183. (இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.)

இதற்கு நேர் எதிர் கூத்து ஒன்று உண்டு. என் மச்சான் அடித்தது. டெஸ்ட் அன்று காலை மாத்திரையே போடவில்லை. கேட்டால், "மாத்திரை போட்டா மாத்திரையோட சர்க்கரைதானே தெரியும் மாமா, என்னோட சர்க்கரை எப்படித் தெரியும்?" என்றார். சாப்பிட்டபின் 286. டாக்டருக்கு விஷயம் தெரியாது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை ஒன்றிலிருந்து ரெண்டு மில்லிகிராம் ஆக்கிவிட்டார். மறு வாரம் பத்திரப்பதிவுக்குப் போன இடத்தில் மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. கை நடுக்கம், சட்டையெல்லாம் வேர்வை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 56. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி டெஸ்ட் அன்று மாத்திரை போடாவிட்டால் அதை டாக்டரிடம் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார். இவர் சத்தியத்தை நம்ப முடியாது.

சரி, எப்படிச் செய்வது? முந்தின நாள் வழக்கமான சாப்பாடு. இரவு எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்றால் அது வெறும் வயிறு இல்லை. முதல் ரத்தம் கொடுத்ததும் வழக்கமான மாத்திரை, வழக்கமான அளவு டிபன். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ணுங்கள், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. இன்சுலின் போடுகிறவர்கள் அன்றைய ஊசியைப் பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"சோத்தையே விட்டுட்டேன்"

விட்டுவிட்டு நாலு சப்பாத்தி, இல்லையென்றால் கிரிக்கெட் பந்து அளவுக்கு ரெண்டு கேழ்வரகுக் களி உருண்டை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. நார்ச்சத்து கூடுதல் என்பது நிஜம். ஆனால் அளவு பார்க்காமல் உள்ளே தள்ளினால் அரிசியை விட்டும் பிரயோஜனம் இல்லை.

உங்கள் உடம்புக்கு எது ஒத்துப்போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். சாப்பிடும் முன் ஒரு குத்து, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இன்னொரு குத்து. சாப்பிட்டபின் 180-க்குள் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொதுவான இலக்கு; உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். தாண்டினால் அதே சாம்பார், அதே சோறு, சோற்றில் மட்டும் ஒரு கரண்டி குறைத்து, கீரையும் சுண்டலும் கூட்டி, இன்னொரு நாள் பாருங்கள். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கிறது, தெரியும். அதனால் தினமும் குத்த வேண்டாம். அடிக்கடி சாப்பிடுகிற நாலைந்து சாப்பாட்டுக்குப் பார்த்து நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

வெறும் வயிறு மட்டும் பார்ப்பது

காலைச் சர்க்கரையில் பெரும்பங்கு கல்லீரல் இரவில் விடுவது. மதியம் சாப்பிட்ட முழுச்சாப்பாடு என்ன செய்தது என்பதை அது காட்டாது. காலை எண் கூடுகிறதே என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தியும் காலையில் அதே எண் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மாம்பழம் நறுக்கிய கை

சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்பிரிட் பஞ்சு அந்தப் பழச்சாறை முழுசாக எடுக்காது. இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன்

எல்லாம் சர்க்கரைதான்.

ஸ்ட்ரிப் டப்பா

மூடியைத் திறந்து வைக்காதீர்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். திறந்த தேதியை மேலே எழுதுங்கள்.

"லேப்ல ஒண்ணு, மீட்டர்ல ஒண்ணு"

100-க்கு மேல் போனால் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டுவதற்கு மீட்டருக்குச் சர்வதேசத் தரநிலையே இடம் கொடுக்கிறது. லேபில் 200 என்றால் மீட்டரில் 175 வரலாம், 225-உம் வரலாம். அதற்காகப் புது மீட்டர் வாங்க ஓட வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா, லேபில் வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் மீட்டரிலும் ஒரு குத்து குத்தி இரண்டையும் ஒப்பிடுங்கள். சாப்பிட்டபின் ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.